ஒரு யாமம் கடந்த கிச்சடி

உத்தரகாசியில், பாகீரதி முழங்கை மடக்கும் இடத்தில்,
ஆசிரமத்து அடுக்களைச் சுவரில் ஒரு கரும்பலகை.
மூன்று கட்டம்.
பால், நெய், பாசிப்பயறு,
அன்று கறந்தது, அன்று பறித்தது
முதல் கட்டத்தில்.
மிளகாய், காப்பி, புளி, நாக்கைச் சீண்டும் எல்லாம்
நடுவில்.
மூன்றாவதில் வெங்காயம், பூண்டு, காளான்,
கடைசியாக, அடிக்கோடிட்டு,
சமைத்து ஒரு யாமம் கடந்த எதுவும்.

சுலோச்சனா நௌடியால் எழுதியது. முத்து முத்தான எழுத்து.
சத்துவம் மனதைத் தெளியவைக்கும்,
ராஜசம் விரட்டும்,
தாமசம் படுக்கப் போடும் என்று
எஸ்தோனியாவிலிருந்து வந்தவர்களுக்கும்
இந்தூரிலிருந்து வந்தவர்களுக்கும் சொல்வார்.
நான் மங்சீரு. அண்டா தேய்ப்பவன்.
எனக்கென்று யாரும் சொல்லவில்லை.
தேய்க்கும்போது காதில் விழுந்ததுதான்.

மாலை ஐந்துக்குக் கிச்சடி இறங்கும்.
கண்மூடி மந்திரம் சொல்லி
கரண்டிச் சத்தம்கூட இல்லாமல் சாப்பிடுவார்கள்.
மிச்சம் என் வாளிக்கு.
எட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டு தொங்குபாலம் ஏறுவேன்.
கணக்குப்படி
பாலத்தின் நடுவில் எங்கேயோ
அது கட்டம் மாறுகிறது.
ஒருமுறை நின்று மூடியைத் திறந்து பார்த்தேன்.
ஆவி அடங்கியிருந்தது.
மஞ்சள் அதே மஞ்சள்.

அக்கரையில் பச்சுலி
வெங்காயம் நறுக்கி, ஜக்கியா விதை பொரித்து
அதன் தலையில் கொட்டுவாள்.
தாமசத்துக்குத் தாமசத்தால் தாளிப்பு.
அதைத் தின்றுதான் எங்கள் சிவானி
விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே
பாலம் தாண்டி, பெரிய சாலையில்,
காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறாள்.
கால்களுக்குப் பலகை படிக்கத் தெரியாது.

தராசு என்று கீழே ஓர் ஊர்.
அந்த ஆவணியில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.
மலை இறங்கிச் சாலையில் உட்கார்ந்துவிட்டது.
மேலே நாற்பது லாரி ஓட்டுநர்கள்,
ஒரு பேருந்து நிறைய கங்கோத்ரி போனவர்கள்,
எல்லோரும் ஆசிரமத்துக் கூடத்தில்.
மூன்றாம் நாள் பாசிப்பயறு தீர்ந்தது.
பால் முதல் நாளே இல்லை.
இருந்தது, நாசிக்கிலிருந்து வந்த ஒரு லாரி வெங்காயம்,
மூட்டைக்குள்ளேயே முளைவிட்டுக்கொண்டு.
பச்சுலி வீட்டுக் கொள்ளும் கேழ்வரகு மாவும்
என் வாளியில் முதல் தடவையாக
இந்தப் பக்கம் வந்தன.

அரிவாள்மணை இரண்டே இரண்டு.
ஒன்றில் சுலோச்சனாவே உட்கார்ந்தார்.
பத்து வருஷமாக அந்த அடுக்களை பார்க்காத கண்ணீர்.
'கொள்ளு எந்தக் கட்டம்?' என்று
கத்ரீன் என்ற பெண் கேட்டாள், நோட்டுப் புத்தகத்தோடு.
சுலோச்சனா பலகையைப் பார்த்தார்.
மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து.
'உடம்புக்குச் சூடு' என்றார் முதலில்.
பிறகு, மூக்கைப் புறங்கையால் துடைத்து,
'தெரியவில்லை.'

சாப்பிட்டார்கள். நிறையச் சத்தத்தோடு.
பலகை சரியென்றால்
யாராவது ஒருவர் சண்டை போட்டிருக்க வேண்டும்,
ஒருவராவது சும்மா உட்கார்ந்து
ஆற்றைப் பார்த்திருக்க வேண்டும்.
அப்படியெல்லாம் ஒன்றுமில்லை.
அத்தனை பேரும் தூங்கினார்கள்.
நாற்பது ஓட்டுநர்களின் குறட்டைக்கு நடுவே
தனியாகத் தெரிந்தது சுலோச்சனாவின் குறட்டை,
மெல்லியது, ஒழுங்கானது,
மூச்சுப் பயிற்சி பழகிய மூக்கு.

அண்டாக்களைக் கவிழ்த்தபோது மணி மூன்று இருக்கும்.
அடிப்பிடித்த கொள்ளை மட்டும் சுரண்டி
ஒரு சட்டியில் போட்டுக்கொண்டு
பாலத்துக்கு வந்தேன்.
நடுப்பலகையில் உட்கார்ந்து
ஆறிப்போனதை, கருகியதை,
இரண்டு யாமமாவது கடந்ததைத் தின்றேன்.
கீழே தண்ணீர் கல் உருட்டிக்கொண்டிருந்தது.
அக்கரைப் படியில் காலடிச் சத்தம்.
சிவானிதான்.
இருட்டில் என்னைத் தாண்டி ஓடினாள்,
அப்பா என்று தெரிந்ததோ என்னவோ.
பாலம் முழுக்க ஆடியது.
சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.