நூற்றெண்பது மில்லி ஆம்ப்

வான் ரீனன் கணவாயில், பனிமூட்டத்தில்,
கன்டெய்னர் லாரி ஒன்று முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வர,
முன்விளக்கு செத்தது.
பிறகு வந்தது.
பிறகு செத்தது.
சிரித்திருப்பேன்,
வேறொருத்தியின் வண்டியாக இருந்திருந்தால்.

எண்பத்தாறாம் வருஷத்து கோல்ட் விங்.
ஆளில்லாமலே முந்நூற்றைம்பது கிலோ.
நான் நான்காவது சொந்தக்காரி.
விற்ற ஃபான் டைக்,
‘ஒயரிங்கில் சின்னச் சின்னச் சேட்டை உண்டு’ என்றார்,
பேரனைப் பற்றிச் சொல்கிற குரலில்.

சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு, என் கராஜ்.
சாக்ரன் மதிலில் முழங்கையை ஊன்றி,
‘புது பாட்டரி போடு, கோகி’ என்றான்.
போன மாதமும் அதைத்தான் சொன்னான். போட்டேன்.
மூன்றாம் நாள் காலையில்
அதுவும் கட்டையாகக் கிடந்தது.

ஃபேரிங்கைக் கழற்றினேன்.
திருகுகள் இருபத்தாறு இருக்கவேண்டும், இருந்தது இருபத்திரண்டு.
உள்ளே,
திருவிழா முடிந்த ராத்திரி
சீரியல் லைட்டை யாரோ தூக்கக் கலக்கத்தில் சுருட்டி எறிந்தது போல.
கறுப்பு டேப்பின் கீழ் நீல டேப்,
அதன் கீழ் பிளாஸ்டர்,
காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரேதான்,
அதையும் உரித்தால்
வெறுங்கையால் முறுக்கிய இரண்டு செம்புக் கம்பி.

மூன்று மஞ்சள் ஒயர்கள் சேருமிடத்தில்
கனெக்டர் உருகி, பாகு முற்றி, பழுப்பாக உறைந்திருந்தது.
வெட்டி எறிந்துவிட்டு ஈயம் பற்றவைத்தேன்.
எதை எதோடு சேர்ப்பது என்ற கேள்வியே இல்லை,
மூன்றும் மஞ்சள், எப்படிச் சேர்த்தாலும் சரி.
அந்த வண்டியில் அப்படி ஓர் இடம் அது ஒன்றுதான்.

எர்த் முனையில் களிம்பு.
செம்போடு கூடப் பிறந்தது களிம்பு,
உயிரோடு ஆணவம் போல என்று
சைவ சங்கத்து ஞாயிறு வகுப்பில் சொல்லித் தந்தார்கள்.
கூடப் பிறந்ததாவது!
மூன்று ஆண்கள் முறைவைத்து
பிளஃப் கடற்கரையில் நிறுத்தி வாங்கிக் கொடுத்தது.
உப்பு தந்ததை உப்புத்தாள் எடுத்தது.

அப்புறமும் கசிந்தது.
சாவி என் கையில், வண்டி ஊமை,
மீட்டரில் நூற்றெண்பது மில்லி ஆம்ப்.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எண் அசையவில்லை.
எல்லா ஃபியூஸும் என் சட்டைப்பையில் கலகலக்கிறது,
அப்போதும் நூற்றெண்பது.

ஃபியூஸிடம் சொல்லாமல் கொள்ளாமல்
பாட்டரியில் நேரே வாய் வைத்திருந்தது
வெள்ளைக் கோடு போட்ட பச்சை ஒயர் ஒன்று.
விரலால் பிடித்துக்கொண்டே போனேன்.
பொய் டாங்குக்கு அடியில்,
சீட்டுக்கு அடியில்,
பின்பெட்டிக்குள்.
அந்த நேரம் பார்த்து லோட்ஷெடிங்.
தெரு முழுக்க இருட்டு, யார் வீட்டிலோ ஜெனரேட்டர் இருமல்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தேன்:

தீப்பெட்டி அளவில் ஓர் இன்டர்காம்.
பின்சீட்டு ஹெல்மெட்டுக்காக யாரோ மாட்டியது.
முன்னே போகிற ஒயர் எப்போதோ வெட்டுப்பட்டிருந்தது.
பின்னால் உட்கார்ந்தவளின் பக்கத்துக்கு மட்டும் உயிர்.
எத்தனை வருஷமோ,
நிறுத்திவைத்த வண்டியில், பூட்டிய பெட்டிக்குள்,
கேட்க ஆளில்லாமல், பேசத் தயாராக,
ராப்பகலாக விழித்திருக்கிறது.
மூன்று பேர் மாற்றி மாற்றி
புது பாட்டரி வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

பாவமாகத்தான் இருந்தது.
வெட்டினேன்.

ஃபியூஸ்களைத் திரும்பச் செருகியபோது மீட்டரில் இரண்டு.
அது கடிகாரம் தின்பது.
தப்பு நேரம் காட்டுகிறது, இருந்தாலும் தின்னட்டும்.

படுக்கப்போகும்போது பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்.
விடிந்ததும் நைட்டியோடு போய் வைத்துப் பார்த்தேன்,
பன்னிரண்டு புள்ளி ஆறு.
ராத்திரியில் விட்ட இடத்திலேயே
காலையில் இருக்கிற எதையும்
ரொம்ப நாளாக நான் பார்க்கவில்லை.

ஸ்டார்ட்டரை அமுக்கினேன்.
பக்கத்து மதிலில் காய்ந்த துணிகள் மேல்
விளக்கு விழுந்தது, சிமிட்டாமல்.
சாக்ரன் எட்டிப் பார்த்தான்:
‘புது பாட்டரிதானே?’
ஆமாம் என்றேன்.

இடது இண்டிகேட்டர் மட்டும்
இன்னும் படபடவென்று அடிக்கிறது.
அது சனிக்கிழமைக்கு.