லில்லிக் கணக்கு

டுலூத்தில் ஏப்ரல் பெயருக்குத்தான் வசந்தம்.
ஏரியில் பனிப்பாளங்கள் இன்னும்
ஒன்றையொன்று இடித்து முனகிக்கொண்டிருக்கின்றன.

நான் இந்தச் சபையின் பொருளாளன்.
முப்பது ஆண்டு தாதுத் துறையில்
கப்பலேறிய இரும்புக்கு எடை எழுதியவன்.
டன்னில் பிசகினால் தூக்கம் வராது;
சில்லறையில் பிசகினாலும்தான்.

ஈஸ்டருக்கு இருபது லில்லித் தொட்டிகள்,
ஒன்று பதினெட்டு டாலர்.
ஒவ்வொன்றிலும் இறந்தவர் ஒருவரின் பெயர்ச்சீட்டு.
செவ்வாய்க்குள் இதழோரம் பழுப்பேறிவிடும்.

தவக்காலத்தின் நடுவில் போதகர் சோல்வேய் கேட்டார்:
"இந்த ஆண்டு பூவை விட்டுவிட்டு
ஊரின் அழுக்குத்துணியைத் துவைப்போமா?"
யாரோ இருமினார்கள்.
வாக்கெடுப்பில் ஏழுக்கு ஐந்து.
ஐந்தில் நான் ஒருவன்,
மார்லிஸ் ஹௌகன் இன்னொருத்தி.
"என் வெர்னுக்குப் பூ கிடையாதா" என்றவள்
எழுந்து போய்க் காப்பிக் குவளைகளைக் கழுவினாள்,
ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்தவற்றை.

பெரிய வியாழன் இரவு
பாதம் கழுவ வெந்நீரும் துண்டும் வைத்திருந்தார்கள்.
காலுறை கழற்றியவர்கள் நான்கு பேர்.
மற்ற நாங்கள்
பாதங்களைப் பூட்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு
பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினோம்.
தண்ணீர் ஆறிப்போனது.

சனிக்கிழமை, நான்காம் தெரு சலவையகம்.
முந்நூற்று அறுபது டாலரும் கால் டாலர் காசுகளாக,
முப்பத்தாறு உருளைகள்.
வங்கியிலிருந்து தூக்கி வந்ததில் என் தோள் இறங்கிவிட்டது.
பிரசங்கம் இல்லை, துண்டுப்பிரசுரம் இல்லை,
ஒரு கிண்ணத்தில் காசு, அவ்வளவுதான்.
கடைக்காரி மாய் ஷியா
முதலிலேயே எச்சரித்தாள்:
"மூன்றாம் எந்திரம் காசு தின்னும். அதன் பக்கம் போகாதீர்கள்."

இரவுப்பணி முடிந்த செவிலி உதவியாளர்
காசை வாங்கிய கையோடு நாற்காலியில் தூங்கிவிட்டார்.
சுழற்சி முடிந்ததும் துணியை உலர்த்திக்கு மாற்றியது
ஹாக்கிச் சட்டைகளோடு வந்த இரண்டு சிறுவர்கள்.
ஒருவர் போர்வையை மட்டும் துவைத்தார்.
மூன்று முறை.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

பத்து மணிக்கு மார்லிஸ் வந்தாள்,
இரண்டு குப்பைப் பைகள் நிறைய
வெர்னின் ஃபிளானல் சட்டைகள்.
ஆறு ஆண்டாக அலமாரியில் இருந்தவை.
பைகளைத் துழாவினாள்:
காகிதத்தோடு ஒட்டிப்போன ஒரு பெப்பர்மின்ட்,
மீன் இரை வாங்கிய ரசீது.
ரசீதைக் கைப்பைக்குள் போட்டாள்.
மிட்டாயை
சற்று நேரம் பார்த்துவிட்டு
வாயில் போட்டுக்கொண்டாள்.

மூலையில் ஓர் இளைஞன்
இருந்த துணியையெல்லாம் எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு
அரைக்காற்சட்டையும் கோட்டுமாக நின்றான்.
உலர்த்தியிலிருந்து எடுத்த சூட்டோடு
ஒரு சட்டையை நீட்டினாள்.
வாங்கியவன் முதலில் அதை முகத்தில் வைத்தான்.
பிறகு அணிந்தான்,
பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்றாய்,
கழுத்துப்பட்டை ஒருபக்கம் ஏறி.
அவள் திருத்தவில்லை.
"வெர்னும் இப்படித்தான் போடுவார்"
என்னிடம் சொன்னாள், மிட்டாய் ஒதுங்கிய கன்னத்தோடு.

ஞாயிறு காலை பீடம் வெறுமையாக இருந்தது.
"அவர் உயிர்த்தெழுந்தார்" என்றார் சோல்வேய்.
"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சொல்லும்போது
வழக்கமாகத் தும்முகிறவர்கள் யாரும் தும்மவில்லை.
அந்த நன்மை லில்லி இல்லாததால் வந்தது,
அதையும் குறித்துக்கொண்டேன்.

பிரச்சினை கணக்கில்தான்.
ஆயிரத்து நானூற்று நாற்பது காசுகள் கொண்டுபோனேன்.
நண்பகலுக்குள் கிண்ணம் காலி;
அடி தட்டியதை நானே பார்த்தேன்.
கடை சாத்தும்போது அதில்
பதினொன்று கிடந்தன.
போர்வைக்காரரா, செவிலி உதவியாளரா,
அல்லது மூன்றாம் எந்திரம் மனந்திரும்பியதா,
தெரியவில்லை.

காணிக்கை என்று எழுத முடியாது, உறை இல்லை.
மிச்சம் என்று எழுத முடியாது, எல்லாம் செலவானது.
இரண்டே முக்கால் டாலர்.
வரவுப் பக்கத்தில்
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.
தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்கட்டும்.