ஈரப்பதம் அறுபத்திரண்டு

கொதிகலனைப் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள்.
சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்கள்
சேறு சிந்திப்போன சாலையின் கடைசியில்
அந்தப் பங்குக் கோயில்.
வெளியே சுண்ணாம்பு, உள்ளே சுண்ணாம்பு,
லோலாண்ட் தீவின் நவம்பர் வானமும்
ஏறக்குறைய அதே நிறம்.

தோரா கதவைத் திறந்தாள்.
கல்லறைப் புல் வெட்டுவதும் மணி அடிப்பதும்
அவள் ஒருத்தியின் வேலை.
"பூட்ஸைத் துடை" என்றாள்.
வேறெந்த விசாரணையும் இல்லை.

கருவியை நடுப்பாதையில் வைத்தேன்.
பதினோரு டிகிரி. ஈரப்பதம் அறுபத்திரண்டு.
எழுதிக்கொண்டு நிமிர்ந்தால்
மேலே வளைவில் ஒருத்தி
வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள்.
மத்தின் மறுபக்கத்தைப் பிடித்திருக்கிறது
ஒரு பசாசு.
செங்காவிக் கோடு, கரியால் மீசை,
வேலையில் மூழ்கிய முகம்.
என் மாமன் ஓவே
பால்பண்ணை இரவு ஷிப்டில்
இதே முகத்தோடுதான் நிற்பார்.

அடுத்த வளைவில் நடுத்தீர்வை.
வானவில்லில் அமர்ந்த கர்த்தருக்கு
ஒரு முழங்கால் கொஞ்சம் கோணல்.
சம்மனசின் எக்காளம் கேட்டு
கல்மூடியை முதுகால் தள்ளிக்கொண்டு
எழுகிறார்கள், தூக்கம் கலையாமல்.
நரகத்தின் வாய் ஒரு மீன் வாய்.
இந்தத் தீவில் வரைந்தவனுக்கு
காட் மீனைவிடப் பெரிய வாய்
எங்கே தெரிந்திருக்கப் போகிறது?
உள்ளே போகிறவர்களில் ஒருவன் தலையில்
ஆயர் தொப்பி.
"கூலி பாக்கி வைத்திருப்பார்" என்றாள் தோரா.

பின்னால் வந்தவர்களுக்கு
இதெல்லாம் பிடிக்காமல் போயிற்று.
சுரண்டி எடுக்கச் சோம்பல்,
பூசி மூடிவிட்டார்கள்.
ஈஸ்டருக்கு ஒரு பூச்சு, இடையில் ஒரு பூச்சு,
முந்நூறு வருடம்.
அந்தச் சோம்பேறிகளுக்கு
தினமும் ஒரு ஜெபம் சொல்கிறாளாம்.

வடக்குச் சுவரில் மட்டும்
கதவளவு வெள்ளை இன்னும் பாக்கி.
அதன் கீழ்விளிம்பிலிருந்து
ஒரு பெரிய பாதம் வெளியே நீட்டியிருக்கிறது.
சுண்டுவிரலை உரசிக்கொண்டு தண்ணீர்,
தண்ணீரில் ஒரு விலாங்கு.
குழந்தையைத் தோளில் சுமந்து ஆறு கடந்த
கிறிஸ்தோப்பராக இருக்கலாம்.
இல்லை, யாரோ ஒரு மீனவன்.
திறந்து பார்க்கப் பணம் ஒதுக்கினார்கள்.
பிறகு பங்குக் குழு கூடி ஓட்டெடுத்தது:
சுவருக்கு மூன்று, கொதிகலனுக்கு நான்கு.
நான்காவது ஓட்டு பன்றிப்பண்ணை எய்னருடையது.
"ஐந்நூறு வருடமாகத் தண்ணீரில் நிற்கிறவருக்குக்
குளிர் பழகியிருக்கும், என் இடுப்புக்குப் பழகவில்லை."

ஜெயித்த கொதிகலன் என்னுடையது.
அது ஊதும் சூடு மேலே ஏறி,
காய்ந்த சுவரில் உப்பாகப் பூத்து,
நிறத்தைச் சிம்பு சிம்பாகத் தள்ளுகிறது.
எட்டு டிகிரிக்கு மேல் கூடாது
என்று எழுதுவதுதான் என் வேலை.

"நாளை ஞானஸ்நானம்" என்றாள் தோரா.
"பிள்ளைக்கு ஏழு வாரம்."

திருகைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.
பிறகு பதினாறில் வைத்தேன்.
தாளில் எட்டு என்று எழுதினேன்.

எழும்போது என் சட்டைக் கையில்
நகத்தளவு செங்காவித் துண்டு.
அவள் ஈர விரலால் ஒற்றி எடுத்தாள்.
ஏப்ரனிலிருந்து தீப்பெட்டி வந்தது.
அதற்குள் ஏற்கெனவே
ஒரு படுக்கை செந்தூள்.

"எந்த இடத்திலிருந்து விழுந்தது, பார்த்தாயா?"

பார்க்கவில்லை.

இருவரும் அண்ணாந்தோம்.
அங்கே எல்லோரும்
அவரவர் வேலையில் இருந்தார்கள்.