ஒரு சாண்

மூன்றாம் நாளும் புயெப்லாவில் எரிமலைச் சாம்பல்.
கரிபேயின் எஞ்சின் மேல் கிடந்த போர்வையை உதறிவிட்டு
எலிகியோ போல்ட்டுகளை முறுக்குகிறான்,
நடுவிலிருந்து வெளிப்பக்கமாய், மூன்று சுற்று.

பழைய தலைக்கு
மூச்சிழுக்கவும் விடவும் ஒரே பக்கம்தான்.
இது முன்பக்கம் வாங்கிப் பின்பக்கம் விடும்.
சிரிக்காதே, என்றான்.
நசுங்கிய கோல்ஃப் ஒன்றிலிருந்து கழற்றியது.
யார் ஓட்டினார்கள் என்று அவன் கேட்கவில்லை.
நான் கேட்டேன். கடைக்காரர் விலையைக் குறைத்தார்.

எல்லாம் பொருந்தியது,
ஆக்ஸிலேட்டர் கேபிள்தான்
ஒரு சாண் குறைச்சல்.

அதற்கென்ன.
சாவியில் அவன்.
பானெட்டுக்குள் குனிந்து
த்ராட்டிலைக் கையால் இழுத்தபடி நான்.

முதல் உறுமலில்
கூரைச் சாம்பல் முழுக்க எழுந்து
என் வியர்த்த தலையில் உட்கார்ந்தது.

"இன்னும்" என்றான்.
இழுத்தேன்.