சய மூன்று

குடை, டோர்ச், பூட்டு, நுளம்பு வலை.
இரண்டாம் குறுக்குத் தெருவில் நிஸ்தார் ஹாஜியார் கடை.
மேல்மாடியில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் நான்,
ஸ்டொக் கிளார்க் யோகமலர்.
மாத முடிவு. இரவு எட்டேகால்.

முன்பு நீலக் கொப்பி இருந்தது.
பிழைத்தால் வெட்டிவிட்டு மேலே எழுதலாம்.
வெட்டிய எண்ணும் தெரியும்,
வெட்டியவளின் கோபமும் தெரியும்.
இப்போது எய்ஜென்ட்.
நான் சொல்வேன்; அது
கண்ணுக்குப் படாத ஒரு கதவைத் திறந்துபோய்
எண்ணை மாற்றிவிட்டு வந்து,
"இருப்பு புதுப்பிக்கப்பட்டது" என்று
வானொலிச் செய்தி வாசிப்பதுபோல் எழுதும்.

அதற்குத் தெரிந்த வினைச்சொல் இரண்டு.
'வை' என்றால், முந்தி எவ்வளவு கிடந்தது என்று பாராமல்
சொன்னதை வைக்கும்.
'கூட்டு' என்றால், கிடந்ததோடு கூட்டும்.
கழிக்கத் தனிச் சொல் இல்லை.
கழிப்பதென்றால்
இல்லாததைக் கூட்டவேண்டும்.

பூட்டித் தந்த இஷ்ஹாக்,
ஹெல்மட்டைக் கழற்றாமலே சொல்லிவிட்டுப் போனான்:
"'வை' ரெண்டு தரம் போனாலும் பரவாயில்ல அக்கா.
'கூட்டு'தான் கவனம்."

கறுப்புக் குடை, பெரிது, மரப்பிடி.
கணினியில் நாற்பத்தொன்று.
றாக்கையில் முப்பத்தெட்டு.
மூன்று தடவை எண்ணினேன்.
கூட்டு, சய மூன்று.

காரணம்? என்றது.
பழுது, களவு, திருப்பி அனுப்பியது, எண்ணியதில் பிழை:
இவற்றில் ஒன்றைத் தொடவேண்டும்.
ஒரு குடையை ஹாஜியார் ஜும்ஆவுக்குக் கொண்டுபோனார்.
ஒன்று கம்பி முறிந்து
கக்கூசுக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.
மூன்றாவதை நான் அறியேன்.
எல்லாவற்றுக்கும் சேர்த்துப் 'பிழை' என்று தொட்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போனது.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
காதில் விழவில்லையாக்கும் என்று
மறுபடி அழுத்தினேன்.
சிக்னல் திரும்பியதும்
புதுப்பிக்கப்பட்டது. புதுப்பிக்கப்பட்டது.
முப்பத்தைந்து.

அப்படித்தான், மேல்தட்டில்
பொலித்தீன் உரிக்காத மூன்று குடைகள்
கொழும்பிலேயே இல்லாமல் போயின.

திருத்தவேண்டும். இரண்டு சொல் போதும்.
விரல் போகவில்லை.
வெளியே மழை பிடித்திருந்தது,
தகரத்தில் முதலில் கடுகு சிந்தினாற்போல்,
பிறகு கடலை,
பிறகு மூட்டையே அவிழ்ந்தாற்போல்.

கீழே மூடிய ஷட்டரோடு ஒட்டி நாட்டாமிகள் இரண்டு பேர்
உள்ளங்கைக்குள் பீடி பற்றவைத்தார்கள்.
அவர்களுக்குக் குடை உதவாது;
வண்டி இழுக்க இரண்டு கையும் வேண்டும்.
எனக்குத்தான் கோட்டை ஸ்டேஷன்,
இரத்மலானைக்குப் போகும் கடைசிக்கு முந்திய ரயில்.

கணக்கில் இல்லாததை எடுத்தால் களவா?
அதனிடம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
அந்த நாலு பெயரைத்தான் மறுபடி சொல்லியிருக்கும்.
ஒன்றை உரித்தேன்.
பொலித்தீன் சத்தம்
மழையைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஒல்கொட் மாவத்தை நெடுக
இல்லாத குடையின் கீழே நடந்தேன்.
தலையில் ஒரு துளி விழவில்லை.
செருப்பு மட்டும் முழுக்க நனைந்தது.

காலையில் கொண்டுவந்து
றாக்கைக் காலில் சாய்த்தேன்.
அடியில் சின்னதாக ஒரு குளம்.
ஹாஜியார் படியேறி வந்தார்,
ஜும்ஆக் குடையைத் தன் மேசைக் கொக்கியில் மாட்டினார்,
என் பக்கம் திரும்பவில்லை.

எண்ணினேன்.
வை, முப்பத்தெட்டு.
காரணம்?
பிழை என்று தொட்டேன். இந்தமுறை அது உண்மை.
பிறகு, யாரும் நிரப்பாத குறிப்புக் கட்டத்தில்
ஒரு வரி எழுதினேன்:
ஒன்று ஈரம்.

வட்டம் கொஞ்சம் சுற்றியது.
"ஈரம் என்ற நிலை பட்டியலில் இல்லை.
பழுது எனப் பதியவா?"

வேண்டாம் என்றேன்.
காய்ந்துவிடும்.