திருப்பி மாட்டும் கே

ஐந்தாம் இன்னிங்ஸ் நடுவில்
ஏரி எழுந்து மைதானத்துக்குள் வந்துவிட்டது.
முதலில் வலக்கோடி ஆட்டக்காரனைக் காணோம்,
அப்புறம் இரண்டாம் பேஸ்,
அப்புறம் பிட்சர் நிற்கும் மேடு.
அம்பயர் கை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினாராம்,
முன்வரிசையில் யாரோ சொன்னார்கள்.
டுலூத்தில் ஜூன் மாதம் இப்படித்தான்.

கம்பித் தடுப்பில் என் அட்டைகள் ஆறு
ஈரம் குடித்துத் தொங்குகின்றன.
ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டுக்கும் ஒரு கே.
கப்பல் பட்டறையில் மிஞ்சிய சிவப்புப் பெயின்ட்,
அடிப்பாகத்துக்குப் பூசுவது, லேசில் போகாது.
மட்டையை வீசித் தவறியவனுக்கு நேர் கே.
வீசாமல் நின்றே தோற்றவனுக்குத் திருப்பி.
ஆறில் ஒன்றுதான் திருப்பியது.

ஆட்டம் நின்றால் வாய் ஆடும்.

"இந்தக் கெசாடா பையன்," என்றான் லெய்ஃப்,
"தொண்ணூற்றாறு மைல். இந்த ஊர்
இவனைப்போல் ஒருத்தனைப் பார்த்ததே..."
ஐலி முடிக்க விடவில்லை.
"டகெட்டைப் பார்க்காத கண்ணுக்கு
வாய் மட்டும் நீளம்.
எண்பத்துமூன்றில் ஒரே இரவில் பதினேழு பேர்.
ஒன்பது இன்னிங்ஸும் அவனே.
மறுநாள் காலை தாதுத் துறையில் வேலைக்கு நின்றான்,
காப்பிக் கோப்பையை இடக்கையில் பிடித்துக்கொண்டு.
வலக்கை தூக்க வரவில்லை."

"அதனால்தான் அடுத்த வருஷமே காணாமல் போனான்.
இப்போது எண்ணி எண்ணித்தான் எறிய விடுகிறார்கள்."

"எண்ணட்டும். ஆனால் அன்று மட்டை பிடித்தவன்
இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும்
பிடியை இரண்டு விரல் மேலே ஏற்றிக்கொள்வான்.
எப்படியாவது பந்தைத் தொட்டுவிட வேண்டும் அவனுக்கு.
அப்படிப்பட்டவர்களில் பதினேழு பேர்!
இன்று வருகிறவன் மூன்று முறை காற்றை வெட்டிவிட்டு
சூயிங்கம் மென்றபடி நடக்கிறான்.
வெட்கமே கிடையாது."

ஆம்புலன்ஸ் ஓட்டும் டெல்ஃபின் சிரித்தாள்:
"வெட்கமில்லாதவனைத் தோற்கடித்துப் பார்,
அதுதான் கஷ்டம்."

பாலத்தருகே ஒரு தாதுக்கப்பல்
நீளமாக ஊதியது.
அதற்குப் பாலம் பதில் ஊதியது.

பின்வரிசை மெர்ல்,
பல வருஷமாக அதே இருக்கை,
அளந்து நாலு வார்த்தை பேசுகிறவர்,
கடலைத் தோலை உதறிவிட்டுச் சொன்னார்:
"பதின்மூன்றாவது ஆள் நான்."

யாரும் திரும்பவில்லை முதலில்.
பனிக்குள் குரல் எங்கிருந்து வருகிறது என்று
ஒரு கணம் பிடிபடாது.

"செயின்ட் க்ளவுட் அணிக்கு ஆடினேன். எட்டாம் இன்னிங்ஸ்.
அன்றும் இதே பனி, இதைவிடக் கொஞ்சம் கம்மி."

"பந்து எப்படி வந்தது?"
நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில்.

"யாருக்குத் தெரியும்?
கேட்சரின் கையுறையில் ஒரு சத்தம்.
வந்து போய்விட்டது என்று
அதைக் கேட்டுத்தான் புரிந்தது.
மட்டை தோளைவிட்டு இறங்கவேயில்லை."

ஐலியின் முகம் மாறியது.
அந்த ஆட்டத்தின் கணக்கேடு அவள் எழுதியது.
அது மனப்பாடம் அவளுக்கு.
"பதின்மூன்றாவதற்கு நேர் கே போட்டிருக்கிறேன்," என்றாள்.
"நீங்கள் வீசினீர்கள்."

"இல்லை, அம்மணி."

"எனக்கு அங்கிருந்து எதுவும் தெரியவில்லை.
வீசியிருப்பான், யாராயிருந்தாலும்
வீசியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்."
கொஞ்சம் கழித்து, "வீட்டில் இருக்கிறது. திருத்தட்டுமா?"

மெர்ல் கடலைப் பொட்டலத்தின் வாயை
மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது.
பனி அரைகுறையாக விலக
ஆட்டம் போதும் என்று அம்பயர்களே தீர்மானித்துக்கொண்டார்கள்.
மேட்டில் கெசாடா ஒரு சாம்பல் நிழல்.
முதல் ஸ்ட்ரைக். ஒரு பந்து வெளியே. இரண்டாவது ஸ்ட்ரைக்.
அப்புறம் கையுறையில் அந்தச் சத்தம்,
அம்பயரின் கத்தல்,
ஏழாவது அட்டை என் கையில்.

எப்படி மாட்டுவது?
எனக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை.

"வீசினான்," என்றார் மெர்ல். "காற்று கேட்டது."

"சும்மா நின்றான், நான் பார்த்தேன்," என்று
லெய்ஃப் ஆரம்பித்தான்.
அவன் எதையும் பார்த்திருக்க முடியாது.

நேராக மாட்டினேன்.
ஐலி தன் ஏட்டில் எதையோ எழுதினாள்,
பென்சிலால், மிக லேசாக.