இரண்டரை

முதல்நாள் இரவு செலஸ்டின் அனுப்பிய செய்தி:
வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், நாளைக்கு மழை
வரலாம், வராமலும் போகலாம்.
உமையாள் ஒரே சொல்லில் பதில் போட்டாள்: வரலாம்.
மழையைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா
என்று யாரும் கேட்கவில்லை.

மார்கழி, காலை நாலரை. கழனிவாசல் முக்கில்
ஐந்து பேர், மூன்று வண்டி, ஒரே ஒரு மழைக்கோட்டு.
கோட்டு யாருக்கு என்ற வழக்கு
வண்டிக்கு வண்டி தாவித்
திருப்பத்தூர் வரை போய்த் தீர்ப்பில்லாமல் நின்றது.
வழியில் குன்றக்குடி. படியெல்லாம் விளக்கு.
இதையும் ஏறிவிட்டால் நாலு உச்சி ஆச்சு என்றான் வயிரவன்.
படி வைத்தது கணக்கில் வராது என்றாள் உமையாள்.

வயிரவனும் நானும் பேசி ஏழு மாதம்.
அறுபதாயிரம் ரூபாய். வாங்கியவன் அவன்.
இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
பையில் கனமாக இருக்கிறது.

பிரான்மலை அடியில் இறங்கியபோது
மலை இருந்த இடத்தில் மலை இல்லை.
சாம்பல் மூட்டம். அதற்குள்ளிருந்து,
எங்கள் தலைக்கு மேலே எங்கோ,
மயில் ஒன்று அகவியது. மலை இருக்கிறது என்பதற்கு
அது ஒன்றுதான் சாட்சி.

முதல் உச்சியில் தர்கா. பாறை வழுக்கியதில்
செலஸ்டின் பாதி தூரம் உட்கார்ந்தே ஏறினான்.
சிக்கந்தர் கைக்குட்டையைத் தலையில் கட்டி
உள்ளே போய்வந்தான். அதற்குள்
அவித்த கடலையில் பாதியை
ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போயிருந்தது,
ரசீது தராமல்.

அப்போது ஒரு நிமிடம் வானம் கிழிந்தது.
கீழே கண்மாய்கள். ஒன்று, ஆறு, பதினொன்று,
தகரத் துண்டுகளாய் மின்னி
எண்ணி முடிப்பதற்குள் மூடிக்கொண்டன.

இரண்டாவதற்குப் பெயர் தெரியவில்லை. கூனன் என்று வைத்தோம்.
அவன் முதுகில் நடக்கையில் மழை
கீழிருந்து மேலே பெய்தது. சத்தியமாக.
இப்போது கோட்டு யாருக்கும் வேண்டாம்;
பிரித்தால் காற்று ஆளோடு தூக்கிக்கொண்டு போய்ச்
சிங்கம்புணரியில் இறக்கிவிடும்.

மூன்றாவதற்குப் போகும் இறக்கத்தில்
என் கையே எனக்குத் தெரியவில்லை.
முன்னால் போகிறவர் பையைப் பிடியுங்கள்,
உமையாளின் குரல். பிடித்தேன்.
நனைந்த வார். இழுத்த இழுப்பில்
யார் பை என்று தெரிந்துவிட்டது.
அவனுக்கும் தெரிந்திருக்கும்.
"இடது பக்கம் பள்ளம்" என்றான்.
ஏழு மாதத்தில் எனக்கென்று வந்த மூன்று சொற்கள்.
"ம்" என்றேன்.

ஏறினோம். இதற்கு மேல் ஏற இடமில்லாத
ஒரு பாறையில் ஐவரும் நெருக்கிக்கொண்டு நின்று
கத்தினோம். செலஸ்டின் விசில் அடித்தான்.
மூட்டம் கொஞ்சம் விலகியது.
எதிரே, ஒரு பள்ளம் தாண்டி,
எங்களைவிட மூன்று ஆள் உயரத்தில்
மூன்றாவது உச்சி நின்றது,
தன் மேல் ஓர் ஆட்டை வைத்துக்கொண்டு.

அரை மணி நேர வழிதான். இடி
மேலூர்ப் பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டது.
திரும்பலாம் என்று யாரும் சொல்லவில்லை.
உமையாள் ஷூ கயிற்றை அவிழ்த்து, மறுபடி கட்டி,
வந்த திசையைப் பார்த்து நின்றாள். அவ்வளவுதான்.
ஆடு மென்றுகொண்டிருந்தது.

டீக்கடையில் அடுத்த வழக்கு.
மூன்று என்றான் செலஸ்டின். இரண்டு என்றாள் உமையாள்.
கண்ணால் பார்த்ததற்கு அரை போடலாம் என்றான் சிக்கந்தர்.
ஐந்து டீ, ஐந்து வடை. வயிரவன் காசு கொடுத்தான்.
"கணக்குல கழிச்சுக்க" என்றான், என்னைப் பார்க்காமல்.
நூறு ரூபாய்.
மீதி எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிள்ளையார்பட்டி தாண்டும்போது கொட்டத் தொடங்கியது.
ஓரம் கட்டினோம். கோட்டு எங்கே?
மூன்று வண்டியிலும் தேடிப் பார்த்தாயிற்று.
கூனன் முதுகிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.
"இந்நேரம் அந்த ஆடு போட்டிருக்கும்" என்றான் வயிரவன்.
சிரிக்கக் கூடாது என்றுதான்
இருந்தேன்.